ஒரே ஃபேக்டரியில் இரண்டு வரிசை

மாங்காய்க் காலம் தொடங்கினால் இப்போதெல்லாம் எனக்கு நிம்மதி போய்விடுகிறது. தோதாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று சாலையில் போனால்கூட நடையை நிறுத்திவிட்டு அது கண்ணுக்கு மறையும்வரை பார்க்கிறேன். என் மனைவி இதைக் கவனித்துவிட்டு, "இன்னும் அதையே நெனச்சிக்கினு கீறியா?" என்று கேட்பாள். இல்லை என்பேன். பொய்தான்.

ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. அரசுப் பள்ளியில் தெலுங்கு வழியில் சமூகப் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் தெலுங்கில் திட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து தமிழில் திட்டு வாங்குகிறவன் என்று என் மகள் சொல்வாள். எங்கள் தெருவில் பிள்ளைகள் படித்து முடித்தால் சென்னைக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏறிவிட வேண்டும், அங்கிருந்து விமானம் ஏறினால் இன்னும் நல்லது. என் மூத்தவன் அப்படித்தான் போனான். படித்த பிள்ளை ஊரிலேயே தங்கினால், "என்னா, எங்கயும் எடுக்கலியா?" என்று துக்கம் விசாரிப்பதுபோல் கேட்பார்கள்.

மகள் திருப்பதியில் இன்ஜினியரிங் படித்தாள். கல்லூரிக்கு வந்த பெங்களூர் கம்பெனி ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. சேர வேண்டிய நாள் மாங்காய்க் காலம் முடிகிற சமயத்தில் வந்தது. அதற்குள் ஒரு வேலை செய்து பார்க்கிறேன் என்றாள்.

அந்த வேலை இதுதான். சித்தூர் சாலையில் ஒரு ஜூஸ் ஃபேக்டரி இருக்கிறது. மாம்பழக் கூழ் எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ஜூஸ் ஃபேக்டரி என்றுதான் சொல்வோம். சீசனில் டிராக்டர்கள் அதன் வாசலில் பகலும் ராத்திரியுமாக நிற்கும். புத்தூர்ப் பக்கத்திலிருந்து என் மைத்துனர் ஏற்றிக்கொண்டு போன காய், முறை வருவதற்குள் டிரெய்லரிலேயே கனிந்து ஒழுகியதை அவள் கூடவே போய்ப் பார்த்திருக்கிறாள். டோக்கன் வாங்கிய விவசாயிக்கு முறை நெருங்கும்போது செல்போனில் செய்தி போனால், எதிரே இருக்கும் திடலில் நிழலில் நிறுத்திக்கொண்டு நிம்மதியாகக் காத்திருக்கலாம் அல்லவா? அதற்கு ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்று மேனேஜரிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். அவரும் ஒரு சீசன் பார்க்கலாம் என்றார்.

வீட்டில் நாங்கள் பேசி வைத்துக்கொண்டது: நன்றாக நடந்தால் இங்கேயே இருந்து இந்த மாதிரி வேலையைப் பார்ப்பாள். நடக்காவிட்டால் பெங்களூர். நான் எதை விரும்பினேன் என்று கேட்டால், அவள் நல்லபடி இருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் பெங்களூர் என்றால் தெரிந்த பயம். இங்கே நடக்கப்போவது எனக்குத் தெரியாத பயம்.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எழுதுவாள். எதிரில் நான் உட்கார வேண்டும்.

"எனக்கு இன்னாம்மா தெரியும் இதுல?"

"ஒண்ணும் தெரிய வேணாம் நைனா. சும்மா உம் கொட்டிக்கினு இரு. வாய் விட்டு சொல்லிக்கினே வந்தா எங்க தப்புன்னு எனக்கே புரியும்."

அப்படி உம் கொட்டிக் கொட்டி எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. பைத்தான் என்று ஒரு மொழி. அதில் ஒரு பெரிய வேலையை ஒரே ஃபைலில் எழுத மாட்டார்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரித்து வைப்பார்கள், அதற்கு பேக்கேஜ் என்று பெயர். இவள் வெளி ஃபோல்டருக்கு 'தோப்பு' என்று பெயர் வைத்திருந்தாள். அதற்குள், இப்போது எந்த டோக்கன் போய்க்கொண்டிருக்கிறது என்று எண்ணி வைத்திருக்கும் 'வரிசை'. டிராக்டரை உள்ளே விடும் 'வாசல்'. ஆட்களுக்குச் சொல்லி அனுப்பும் 'செய்தி'. அந்தச் செய்திக்குள் தமிழுக்கு ஒன்று, தெலுங்குக்கு ஒன்று. ஒரு ஃபைலுக்கு இன்னொன்றின் உதவி வேண்டுமானால் அதை இம்போர்ட் செய்ய வேண்டும், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். இந்தத் தமிழ்ப் பெயர்களையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தாள். மேனேஜருக்குத் தமிழும் புரியாது, இதைப் பார்க்கவும் மாட்டார் என்று சிரித்தாள்.

தமிழ்ச் செய்தியைத்தான் முதலில் எழுதினாள். முதலில் சோதித்துப் பார்க்கக் கிடைத்தது எங்கள் ஆட்கள்தானே, என் மைத்துனரும் அவர் பக்கத்துத் தோப்புக்காரர்களும். அந்தத் தமிழ் ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஓட்டிப் பார்ப்பாள். அப்படி ஓட்டினால் வெளியே இருக்கும் 'வரிசை' எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. உன் தாய் பேக்கேஜ் எது என்று தெரியாது என்பதுபோல ஏதோ சிவப்பில் வந்து நின்றது. அவள் அலுத்துக்கொண்டு, 'வரிசை' இருக்கும் இடத்தைக் காட்டி மேலே ஒரு வரி சேர்த்தாள். அதன் பிறகு முழுப் பாதை சொல்லாமல் வெறும் 'வரிசை' என்று கூப்பிட்டாலே வந்தது. என் மைத்துனரின் போனுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. புத்தூரிலிருந்து கூப்பிட்டு, "பாப்பா, தமிழ்ல வந்துச்சிடி! உன் மாமன் பேரு போட்டு வந்துச்சி!" என்று கத்தினார். வீடே சந்தோஷப்பட்டது.

தெலுங்குச் செய்தியை ஃபேக்டரி சரி என்று சொன்ன பிறகு எழுதினாள். அதற்குள் கை பழகியிருந்தது. 'வாசல்' முதற்கொண்டு எல்லாவற்றிலும் தோப்பு, அதற்குள் வரிசை என்று வெளியிலிருந்து முழுப் பாதை போட்டு ஒழுங்காகக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களுக்காகத் தமிழ்ச் செய்தியில் அவசரமாகச் சேர்த்த அந்த வரி மட்டும் அப்படியே கிடந்தது. ஓடுகிற வண்டியை யார் பிரித்துப் பார்ப்பார்கள்.

சீசன் தொடங்கி முதல் சில நாட்கள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. டோக்கன் கொடுக்கிறவர், "தெலுகா, தமிழமா?" என்று கேட்டு அதற்கான பொத்தானை அழுத்துவார். காத்திருக்கிறவன் போனுக்கு அவன் மொழியில் செய்தி போகும். மகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. காய் வரத்து உச்சத்தில் இருந்தது. மைத்துனரும் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். எனக்கு அன்று ஒருநாள் விடுமுறை, மகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் நானும் போனேன். தூரத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சாலையின் ஒரு பக்கம் செய்தி வந்த டிராக்டர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. எதிர்த் திடலில் இருந்தவை அசையவே இல்லை. திடலிலிருந்து மைத்துனர் ஓடி வந்தார்.

"இன்னா மாமா இது? காலைலேந்து நம்மாளு ஒருத்தனுக்கும் வரல. எனக்குப் பின்னால டோக்கன் வாங்கின தெலுங்குக்காரன் உள்ள போயி, காட்டால எட போட்டு, காலி வண்டியோட வெளிய வந்துட்டான்."

காட்டா என்பது வண்டி எடை போடும் மேடை. அதற்குப் பக்கத்தில் கண்ணாடி அறை, அதற்குள் கம்ப்யூட்டர், என் மகள், எடை போடும் ஆள். அந்த அறையைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. நகரி, சத்தியவேடு, புத்தூர்ப் பக்கத்துத் தமிழ் ஆட்கள் எல்லோரும்.

"நம்ம பொண்ணுன்னு நம்பினோம் பாரு!"

"தமிழ்ப் பொண்ணே தமிழாளுக்கு ஆப்பு வெச்சிட்டா. ஃபேக்டரிக்காரன் சோறு துன்னா அப்படித்தான் புத்தி போவும்."

எதிர்ப்பக்கம் வரிசையில் இருந்த ஒரு தெலுங்குக்காரருக்கும் கோபம் வந்தது. "மீக்கு மெசேஜ் ராகபோதே மேமேம் சேசேதி?" உங்களுக்கு வராவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்று அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்டதும் இங்கே நாலு பேர் அவர் பக்கம் திரும்பினார்கள். இத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில், ஒரே சந்தையில், ஒரே பள்ளிக்கூடத்தில் எந்த வித்தியாசமும் பார்க்காமல் இருந்த ஆட்கள். வெயிலில் காய் கனிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் எப்படியோ உள்ளே நுழைந்தேன். மகள் முகம் வெளுத்திருந்தது. கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். ஒரு நிமிஷத்தில் வெளியே போன்கள் ஒவ்வொன்றாக மணி அடித்தன. தமிழ்ச் செய்திகள் கொத்தாகப் போய்ச் சேர்ந்தன. கூட்டம் ஹோ என்று கத்தியது. சில டிராக்டர்கள் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பின. எனக்கு மூச்சு வந்தது.

அது நீடிக்கவில்லை. கிளம்பிய அந்த வண்டிகள் உள்ளே போனதும் மறுபடி தெலுங்குச் செய்திகள் மட்டும் போயின. தமிழ் நின்றுவிட்டது. இந்தத் தடவை கூட்டத்துக்கு வேறு ஒன்று புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தார்கள்.

"பாத்தியா? அழுத்தினா வருது. அழுத்தலன்னா வரல. வேணும்னுதான்டா பண்றா!"

கண்ணாடிமேல் உள்ளங்கைகள் விழுந்தன. அந்தச் சத்தம்தான் இன்னும் என் காதில் இருக்கிறது. யாரோ ஒரு கனிந்த பழத்தை வீசினார்கள். சரியாக அவள் முகத்துக்கு நேரே கண்ணாடியில் உடைந்து மஞ்சளாக வழிந்தது. எடை போடும் ஆள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, "சார், நீங்க பொண்ண கூட்டிக்கினு பின்பக்கமா போயிடுங்க" என்றார். உள் கதவு வழியாக மேனேஜர் வந்தார். "சாலம்மா, சாலு," போதும் நிறுத்து என்று கையை ஆட்டினார். மத்தியானத்துக்குமேல் பழையபடி சீட்டு எழுதிக் கொடுக்கப்போகிறோம், நீ வீட்டுக்குப் போ, இனி வர வேண்டாம் என்று தெலுங்கில் சொன்னார். அவர் கத்தக்கூட இல்லை. அவருக்கும் பயம்.

"வா பாப்பா," என்றேன். "போயிடலாம். பெங்களூர்ல உனக்கு வேல கீது. இந்தத் தலவலி எதுக்கு நமக்கு?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"சார், சீட்டு எழுதறதுக்கு ஆள் வரட்டும். அது வரைக்கும் டைம் குடுங்க," என்று அவரிடம் தெலுங்கில் சொன்னாள். பிறகு என்னிடம் தமிழில், "நைனா, ஒக்காரு. உம் கொட்டு."

உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அதிர்ந்துகொண்டிருந்தது.

"அணச்சிப் போட்டா வருது. அப்புறம் நின்னுடுது. சரியா?"

"உம்."

"அப்படின்னா ஆரம்பத்துல ஒரு தபா சரியா படிக்குது. அதுக்கப்புறம் நம்பர் மாறுது, ஆனா தமிழுக்கு மாறினது தெரியல. முந்தி நாள்ல ஏன் சரியா இருந்துச்சி?" அவள் எடை போடும் ஆளைப் பார்த்தாள். "அண்ணா, போன வாரம் அடிக்கடி கரண்ட் போச்சில்ல?"

"ஆமா, ஓயாம போச்சி. நேத்து சாயங்காலம்தான் புது இன்வெர்ட்டர் வெச்சாங்க. இன்னிக்கி ஒரு தபாகூட அணையல."

"அப்ப கரண்ட் போயிப் போயி தானா சரியாயிருக்குது," என்றாள் மெதுவாக. "நைனா, நம்பர மாத்தறது வாசல். தெலுங்குக்கு மாறினது தெரியுது. தமிழுக்குத் தெரியல. ஆனா ரெண்டும் பாக்கறது அதே வரிசைய..."

நிறுத்திவிட்டாள். நான் உம் கொட்ட மறந்தேன்.

"அதேதானா?" என்று அவளே கேட்டுக்கொண்டாள்.

தமிழ் ஃபைலிலும் தெலுங்கு ஃபைலிலும் ஒரே ஒரு வரி சேர்த்தாள். உன்னிடம் இருக்கும் வரிசையின் பெயர் என்ன என்று அதையே கேட்கிற வரி. ஓட்டினாள். திரையில் இரண்டு பெயர் வந்தது. ஒன்று தோப்பு, புள்ளி, வரிசை. இன்னொன்று வெறும் வரிசை.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒரே ஃபைலுதான் நைனா. ரெண்டு பேரு சொல்லிக் கூப்ட்டதால ரெண்டு ஆளா வந்து ஒக்காந்துகினு கீது. ஒண்ணு வாசல்கூட சேந்து எண்ணிக்கினே போவுது. இன்னொண்ணு ஆரம்பத்துல எண்ணினதோட தூங்குது. ஒண்ணு இருக்கறது இன்னொண்ணுக்குத் தெரியாது. தமிழு பாத்துக்கினு இருந்தது தூங்கறத."

எனக்கு அது முழுதாகப் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு பெயரும், தெலுங்குப் பள்ளி வைத்த இன்னொரு பெயரும் உண்டு. இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று ஆபீஸ்காரர்களை நம்பவைக்க நான் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் புரிந்தது.

மேலே இருந்த அந்தப் பழைய வரியை அழித்தாள். தமிழிலும் முழுப் பாதை போட்டாள். எடை போடும் ஆள் திரையில் சொடுக்கும் படத்தையும் மாற்றினாள். இனி எது ஓடினாலும் உள்ளே எங்கேயோ இருந்து அல்ல, வெளி ஃபோல்டரிலிருந்தே கிளம்பும்படி. அவர் எட்டிப் பார்த்து, "நான் அதே எடத்துலதானே அமுக்கணும்?" என்றார். "அதே எடம்தாண்ணா," என்றாள்.

உடனே கூட்டத்துக்குச் சொல்லவில்லை. வாசலில் இருந்த தெலுங்குக்காரர் வண்டி ஒன்றை உள்ளே விடச் சொன்னாள். எண் மாறியது. கண்ணாடிக்கு வெளியே அடுத்த முறைக்காரர், ஒரு தமிழ் ஆள், போனைப் பார்த்தார். கதவை ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். போனையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டிக்குப் போனார். இன்னும் ஒரு வண்டி. இன்னும் ஒரு செய்தி. அணைக்காமல், அழுத்தாமல்.

அப்போதுதான் மேனேஜரிடம் வண்டிகளைக் கூப்பிடும் மைக்கைக் கேட்டாள். மேனேஜர், மெஷின் கோளாறு என்று சொல், போதும் என்றார். அவள் முதலில் தமிழில் பேசினாள்.

"மெஷின் மேல தப்பில்ல. எழுதினது நானு, தப்பு என்னுது. தமிழ்ல வர்றத மட்டும் வேற மாதிரி எழுதிட்டேன். யாரும் யாருக்கும் வேணும்னு பண்ணல." பிறகு அதையே தெலுங்கில் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, அது தெலுங்கிலா தமிழிலா என்று நினைவில்லை.

கூட்டம் கைதட்டவெல்லாம் இல்லை. "சொன்னா ஆச்சா? காயி என்னா ஆவறது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முறை தவறிப்போனவர்களை முதலில் விடுங்கள் என்று மேனேஜரிடம் கெஞ்சினாள். அவர் யோசித்துவிட்டு, ஒன்று அந்தப் பக்கம், ஒன்று இந்தப் பக்கம் என்றார். தெலுங்கு வரிசையில் முணுமுணுத்தார்கள். முன்பு கோபப்பட்ட அதே ஆள், "கானீயண்டி," போகட்டும் விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் டிராக்டரைக் கொஞ்சம் ஒதுக்கினார். எரிச்சலோடுதான் ஒதுக்கினார். ஆனால் ஒதுக்கினார்.

மைத்துனரின் லோடு உள்ளே போனபோது அடியில் இருந்த காய் கனிந்து கசிந்திருந்தது. அதை ஃபேக்டரி எடுக்கவில்லை. ஒதுக்கிய பழங்களோடு வெளியே வந்தவர் மகளைப் பார்த்து வண்டியை நிறுத்தினார். நான் ஏதாவது சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

"உங்க அத்தைகிட்ட கரண்ட் போயிடுச்சின்னு சொல்லிடறேன். நீ எதுவும் ஒளறாத."

"கரண்ட் போவாததாலதான் மாமா இத்தினியும்," என்றாள் அவள்.

"அத சொன்னா எவ நம்புவா?" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் திருப்பதி பஸ் நிலையத்தில் பஸ் மாறினோம். பெங்களூர், பெங்களூர் என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருந்தார். முதுகில் பை மாட்டிய பிள்ளைகள் வரிசையாக ஏறினார்கள். நான் அவர்களையும் இவளையும் பார்த்தேன். மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அங்க தப்பு பண்ணினா திட்டுவாங்க. மிஞ்சிப் போனா வேலைய விட்டு எடுப்பாங்க. கண்ணாடியத் தட்ட மாட்டாங்கம்மா."

"ஆமா நைனா," என்றாள். "அங்க யாரோட காயி கெட்டுப்போச்சின்னு எனக்குத் தெரியவும் தெரியாது."

அது எனக்குப் பதிலா, அவளுக்கே சொல்லிக்கொண்டதா என்று கேட்கவில்லை. மேனேஜர் நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார், சீட்டும் எழுதுவார்களாம், கூடவே இதுவும் ஓடட்டுமாம் என்றாள். இன்று அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அன்று எனக்கு வந்தது பெருமை இல்லை, நாளைக்குமா என்ற கிலி.

மறுநாள் விடிந்ததும் பெங்களூர் கம்பெனிக்குச் சேரவில்லை என்று எழுதிவிட்டு, தலையைப் பின்னிக்கொண்டு கிளம்பினாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம், உனக்கு ஸ்கூல் இருக்கு என்றாள். பஸ் நிறுத்தம்வரை போனேன். பஸ்ஸுக்குள் முன் சீட்டில், நேற்று கூட்டத்தில் நின்ற ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் மகள் ஏறியதும் அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னிக்கி ஒழுங்கா வருமா?" என்று கேட்டார். சிரிக்கவில்லை.

"வந்து பாருங்கண்ணா," என்றாள். அவளும் சிரிக்கவில்லை.

பஸ் கிளம்பியது. நான் பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன். எந்தப் பாடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் போன் செய்யவே இல்லை. நானும் செய்யவில்லை, செய்தால் எதிரில் நிற்கிறவர்களைப் பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது.